சரசக்கா மேல் யாரும் வரவில்லை

சரசக்கா இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவள் ஒரு மீன்காரி. உஜோங் பாசிரில் காலை பஸ் ஏறி, எங்கள் ஊர் புக்கிட் காதில் பக்கம் கூடையோடு வந்து விற்பவள். போர்த்துகீசிய வம்சத்துக்காரி, எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான். அன்றைக்கு அவள் கூடையை இறக்கவில்லை. "சரசு சூடா தாட," என்றாள். சரசு இனி இல்லை என்று. முந்தின நாள் சாயங்காலம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். பக்கத்து வீட்டார் கார் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். மீன்காரி என் கையைப் பிடித்து விட்டுவிட்டு, மீன் வேண்டுமா என்று கேட்காமலே அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டுதான் போனேன். உஜோங் பாசிரில் அவள் வீட்டு வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. எங்கள் சங்கத்தார் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். "நமது சங்கத்தின் நீண்டகால உறுப்பினரும், அன்னை மாரியம்மனின் அருள் வந்து ஆடிய பக்தையுமான திருமதி சரஸ்வதி மாணிக்கம் அம்மையார் அவர்கள்" என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்கவில்லை. உறுப்பினரா? பேரை அடித்துத் தள்ளியது யார்? அருள் வந்து ஆடினாளா? யார் பார்த்தது?

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்குச் சரசக்காவைத் தெரியும். அவளோடு கிடங்கில் வேலை செய்தவர்கள் இருப்பீர்கள், அவளைப் பற்றி வம்பு பேசியவர்களும் இருப்பீர்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் "அன்னார்" "அம்மையார்" என்றார்கள். உயிரோடு இருந்தபோது அவளை அப்படிக் கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் அவள் என்றே எழுதுகிறேன். என் அக்கா அவள்.

மலாக்கா ஆற்றோரம் ஒரு கித்தா கிடங்கில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. தோட்டங்களிலிருந்து வரும் புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அழுக்கும் குமிழும் உள்ள இடங்களைக் கத்தரியால் வெட்டி எடுப்பது எங்கள் வேலை. காலையில் குனிந்தால் சங்கு ஊதும்போதுதான் நிமிர்வோம். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பான். ஷீட்டைப் பார்க்கிற சாக்கில் அவன் கை எங்கே படும் என்பது அங்கே வேலை செய்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருநாள் சரசக்காவின் பின்னால் வந்து நின்றான். அவள் திரும்பவில்லை, கத்தரியை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிடங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "கிட்ட வராதீங்க மண்டோரே. கத்தரிக்குக் கண்ணு தெரியாது லா." அத்தனை பெண்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக எல்லாருக்கும் அன்று வசவு கிடைத்தது.

மத்தியானம் கிடங்கு வாசலில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்க வருவாள் பிபிக் தெய்வானை. காஜா பெராங்கில் செட்டிகள் வாழும் கம்போங்கைச் சேர்ந்தவள், பிபிக் என்றால் அவர்கள் பேச்சில் அத்தை. மலாக்காச் செட்டிகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், நம் சாமியைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள். பேச்சு மட்டும் மலாய், பெண்களின் உடுப்பு கெபாயா. நம் ஆட்கள் அவர்களைப் பற்றிப் பேசும்போது உதட்டைச் சுழிப்பார்கள். தமிழ் தெரியாதவன் என்ன தமிழன் என்பார்கள். பிபிக் தெய்வானைக்குத் தெரிந்த தமிழ், சாமி, பூஜை, மாமி, கஞ்சி இவ்வளவுதான். ஆனால் எங்கள் ஒவ்வொருத்தி பேரும் அவளுக்குத் தெரியும். தன் மகன் கல்யாணத்துக்கு எங்கள் எல்லாரையும் பேர் சொல்லி அழைத்தாள்.

தாலி கட்டிச் சாப்பாடு முடிந்த பிற்பகல் அது. பந்தலின் ஒரு மூலையில் ஒருவர் பிடிலை எடுத்தார், இரண்டு பேர் கையளவு மத்தளம் எடுத்தார்கள், ஒரு கோங் தொங்கியது. ஜோகெட் ஆட்டம் தொடங்கியது. மாப்பிள்ளையின் அத்தை ஆடினாள், பெண்ணின் சித்தி ஆடினாள், பல் போன பாட்டனார் ஆடினார். நம் கல்யாணங்களில் பெண்கள் பந்தி பரிமாறுவோம், பாத்திரம் கழுவுவோம், கடைசியில் பாயைச் சுருட்டுவோம். ஆகையால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். சரசக்கா கையில் எதற்கோ ஒரு தட்டு இருந்தது. "மாரி சரசு! ஆப்பா மாலு?" என்று கூப்பிட்டாள் பிபிக். வா, என்ன வெட்கம் என்று. சரசக்கா தட்டை என் கையில் திணித்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் மாணிக்கம் அண்ணன் லாரி ஓட்டுபவர். தாமதமாக வந்து அப்போதுதான் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் அவரை இடித்துக் காட்டினார். அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவ காலு, அவ ஆடறா," என்று சொல்லி இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு கேட்டார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவளை "நடனக் கலைஞர்" என்று வேறு புகழ்ந்தார். சரசக்காவுக்கு ஆட வராது. உயரமான உடம்பு, தட்டைப் பாதம். தாளம் ஒரு எட்டு முன்னால் போகும், இவள் பின்னால் துரத்திக்கொண்டு போவாள். பிபிக் அவளை "காக்கி காயு" என்றுதான் கேலி செய்வாள். மரக்கால் என்று பொருள். கடைசிவரை அவள் ஆட்டம் தேறவில்லை, தேற வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பிபிக் வீட்டு முற்றத்துக்குப் போக ஆரம்பித்தோம். சரசக்கா, நான், பார்வதி, கிடங்கிலிருந்து இன்னும் சிலர். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். ஜோகெட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று ஆடுவார்கள், முன்னால் வருவார்கள், பின்னால் போவார்கள், விரல் நுனிகூடப் படக் கூடாது. சரசக்காவுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. "பஸ்ஸுல இடிக்கறான், கிடங்குல உரசறான், கோயில் கூட்டத்துல கிள்றான். இங்க எதிர நின்னு ஆடறான், படவே மாட்டேங்கறான். ரூலு அப்படி. இந்த ரூலை ஊருக்கே போடணும் லா," என்பாள்.

பார்வதி வந்ததற்கு வேறு காரணம். அவளுக்கு வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார், நண்டும் சிண்டுமாய்ப் பிள்ளைகள். "இங்க வந்தாத்தான் என் கை ரெண்டும் சும்மா இருக்கு," என்றாள் ஒருநாள், கைகளை முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டே. எனக்கு என் காரணம். என் வீட்டில் நான் "ஏய்", மாமியாருக்கு "இவளே", தெருவுக்குத் தம்பி அம்மா. பிபிக் முற்றத்தில் ராஜம் என்று கூப்பிட்டார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று முதல் தடவை திரும்பிப் பார்த்தேன். சரசக்காவிடமும் கேட்டேன், நீ ஏன் வருகிறாய் என்று. முறைத்தாள். "ஏன்னு கேக்காத இடம் இது ஒண்ணுதான் இருக்கு. நீயும் கேட்டுக் கெடுக்காத," என்றாள்.

ஊர் கேட்டது. கேட்டுவிட்டுப் பதிலையும் தானே சொல்லிக்கொண்டது. மாணிக்கத்துக்கு ஆண்மை இல்லை என்றார் ஒருவர். சினிமா பார்த்துக் கெட்டார்கள் என்றார் இன்னொருவர். கள் குடிக்கிறார்கள், செட்டிச்சிகள் மருந்து வைத்துவிட்டார்கள், யாரோ ஒருவன் இருக்கிறான். நாங்கள் போகிற இடம் பட்டப்பகலில் தெரு பார்த்த முற்றம், முன்னால் வேலிகூடக் கிடையாது. வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். ஒருவரும் வரவில்லை. இத்தனை பேர் இத்தனை காரணம் சொன்னார்களே, அந்த ஆட்டம் நன்றாக இருக்கும்போல என்று ஒரு வாய் சொல்லவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். சங்கத்தில் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. நம் சமூகம் தலை நிமிர வேண்டும், மற்ற இனத்தார் நம்மை மதிக்க வேண்டும் என்று பேசினார்கள். அதற்கு முதல் காரியமாக எங்கள் காலைக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

சங்கத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அது என்ன செய்யும் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சாவு விழுந்த வீட்டுக்குப் பாடை கட்ட, தூக்க, சுடுகாட்டுக் காரியம் பார்க்க ஆள் அனுப்புவது அந்தச் சங்கம்தான். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்களுக்குப் பங்காளி யார், மாமன் மச்சான் யார்? தூக்க நாலு பேர் வேண்டுமானால் சங்கத்தில் பேர் இருக்க வேண்டும். பேரை நீக்குவதென்றால் உன் பிணம் உன் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று சொல்வது.

எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஜாலான் துக்காங் எமாஸை ஒட்டிய சந்தில் ஒரு கடைவீட்டு மாடி, ஞாயிற்றுக்கிழமை காலை. புருஷன்மார் முன்னால் நாற்காலியில், நாங்கள் பின்னால் படிக்கட்டு ஓரம் நின்றோம். தலைவர் அதிகம் பேசவில்லை, உறுமினார். பேசியதெல்லாம் காரியதரிசி. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவர், சாந்தமான குரல். என் கல்யாணத்துக்குப் பாயும் பாத்திரமும் ஏற்பாடு செய்து கொடுத்தவர். எங்களைக் காப்பாற்றத்தான் நினைத்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொருத்தியாக முன்னால் கூப்பிட்டு, "எதுக்கும்மா அங்க போறீங்க? சொன்னாத்தானே தெரியும்," என்றார். பதிலுக்குக் காத்திராமல் அவரே ஒரு வழியைத் திறந்துவிட்டார்.

"பக்கத்துலதானே மாரியம்மன் கோயிலு. திருவிழா சமயத்துல மேளச் சத்தம் கேட்டிருக்கும். அம்மா வந்து இறங்கியிருப்பா. அருள் வந்து ஆடுனா யாரு என்ன கேக்க முடியும்? அப்படித்தானேம்மா நடந்துச்சு?"

இதன் சாமர்த்தியத்தைப் பாருங்கள். நம்மிடம் ஒரு பெண் ஆடலாம், தலையை விரித்துப் போட்டு ஆடலாம், தெருவில் உருண்டுகூட ஆடலாம். ஆடுவது அவளாக இல்லாமலிருந்தால் போதும். திருநீறு கொண்டுவருவார்கள், காலில் விழுவார்கள், குறி கேட்பார்கள். பார்வதியை முதலில் கேட்டார். அவள் தலை குனிந்தபடி ஆமாம் என்று ஆட்டினாள். வீட்டில் மாமனார் இன்றோ நாளையோ என்று கிடந்தார், தூக்க ஆள் வேண்டும். அவள்மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலைகள் ஆடின. அடுத்தது சரசக்கா.

"என் மேல யாரும் வரலீங்க," என்றாள். "நான்தான் ஆடுனேன்."

"யோசிச்சுச் சொல்லும்மா," என்றார் காரியதரிசி.

"யோசிச்சுத்தான் ஆடுனேன்."

தலைவர் மேசையைத் தட்டினார். "அப்ப எதுக்குத்தான் ஆடுனே?"

"நல்லா இருந்துச்சு."

கொலை செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். மாணிக்கம் அண்ணன் முன்வரிசையில் சிகரெட் பெட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். தலைவர் அவரிடம் சொன்னார், "நாளைக்கு ஒன் வீட்டுல ஒரு கெட்டது நடந்தா தூக்க ஒருத்தன் வரமாட்டான், தெரியுமில்ல?" பதில் சரசக்காவிடமிருந்துதான் வந்தது. "செத்த பொறவு யாரு தூக்குனா எனக்கென்னங்க. உசுரு இருக்கிற வரைக்கும் என் காலை நான் தூக்கறேன்."

அண்ணன் எழுந்து நாற்காலியை ஒழுங்காகத் தள்ளிவைத்துவிட்டு அவளோடு படியிறங்கினார். என் முறை வந்தபோது சரசக்கா சொன்னதுதான் நானும் என்றேன். எங்கள் வீட்டுப் பேரும் அன்று நீங்கியது. என் வீட்டுக்காரர் பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்ந்துகொண்டார். அது அவர் கேட்ட மன்னிப்பு, நான் கேட்டதல்ல.

கீழே பிள்ளையார் கோயில் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பயமா என்றேன். "கோவம்டி," என்றாள். அப்புறம் தெரு என்றும் பாராமல் பொரிந்து தள்ளினாள். "காலையில எந்திரிச்சு இத்தன பேருக்குப் பசியாறப் போடறேனே, அப்ப என் மேல யாரு வந்தா? கிடங்குல குனிஞ்சேனே, அப்ப யாரு வந்தா? செல்விய பெத்தப்ப ரெண்டு நாளு கத்துனேன், எந்தச் சாமியும் வந்து எனக்குப் பதிலா கத்தல. எல்லாத்துக்கும் நான் வேணும். சந்தோசப்பட்டா மட்டும் அது நான் இல்லையாம், சாமியாம். அந்தச் சாமிக்கே இது அடுக்குமா?" கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "நீயே கேளு," என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

தலைவர் சொன்ன கெட்டது நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, கொடியெல்லாம் ஏற்றி முடித்த பிறகு, மாணிக்கம் அண்ணன் மஞ்சள் காமாலையில் போனார். சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினோம். ஒருவரும் வரவில்லை. அன்று மழை வேறு. எதிர் வீட்டுச் சீனத் தச்சர் பெட்டி செய்து கொடுத்தார். பிற்பகலில் பிபிக் தெய்வானை தன் மகன்கள், கொழுந்தன்மார், அக்கா பிள்ளைகள் என்று காஜா பெராங் ஆண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒருவருக்கும் ஒப்பாரி புரியாது, நம் சடங்கின் வரிசையும் சரியாகத் தெரியாது. தோள் மட்டும் இருந்தது. வாசலில் நனைந்துகொண்டு நின்ற சரசக்கா என் காதில் சொன்னாள்: "ஒருத்தன் வரமாட்டான்னாங்களே. எடம் போதாம முறை வெச்சுத் தூக்கறாங்க பாரு." அழுதுகொண்டேதான் சொன்னாள்.

வருஷம் திரும்பியதும் அவள் மறுபடி முற்றத்துக்கு வந்தாள். தாலி அறுத்தவள் ஜோகெட் ஆடுகிறாள் என்று ஊர் காறித் துப்பியது. அண்ணனை மறந்துவிட்டாள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். "அவரு இருந்தப்பவும் நான்தான் ஆடுனேன், இப்பவும் நான்தான்," என்றாள். பிறகு மகள் செல்வியோடு உஜோங் பாசிருக்கு வீடு மாற்றிக்கொண்டு போன பிறகும் பஸ் மாறி வந்தாள். சில வருஷங்களில் காலம் மாறியது. சங்கம் மாதர் பிரிவு தொடங்கியது. புதிய நாட்டில் பெண்களும் முன்னேற வேண்டும் என்று காரியதரிசியே நேரில் வந்து அவளைச் சேரச் சொன்னார். அவள் தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அதுல ஆட்டம் உண்டுங்களா?" அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவளின் வாசலில்தான் அந்த அறிவிப்பு. செல்வியின் வீட்டுக்காரர் இப்போது சங்கத்து உறுப்பினர், அதனால் தூக்க வந்தார்கள். வந்தவர்களுக்கு ஒரு சங்கடம். நீக்கியவளைத் தூக்குவதானால் நீக்கியது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவளை வேறொருத்தியாக மாற்ற வேண்டும். இரண்டாவது சுலபம், செத்தவள் வாய் திறக்க மாட்டாள். அவள் மாடியில் எல்லார் முன்னாலும் மறுத்த அந்தப் பொய்யை எடுத்து, அவளைக் கிடத்தியபிறகு அவள் வாசலிலேயே ஒட்டினார்கள். கிழவராகிவிட்ட காரியதரிசி தலைமாட்டில் நின்று அதே சாந்தமான குரலில் பேசினார். அம்மன் அம்மையாரின் உடலைத் தேர்ந்தெடுத்தாள் என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது.

பாடை கிளம்பியது. பறை அடித்தது. இளைஞர்கள் முன்னால் இறங்கி ஆடினார்கள், சிலர் குடித்திருந்தார்கள், ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். நம் சாவு வீடுகளில் இது வழக்கம்தான். ஏன் ஆடுகிறாய் என்று எவரும் எவனையும் கேட்கவில்லை. அவன்மேல் எந்தச் சாமி வந்தது என்றும் விசாரிக்கவில்லை. பெண்கள் நாங்கள் தெரு முனைவரைதான் போகலாம். பிபிக் தெய்வானை என் பக்கத்தில் குடை பிடித்து நடந்து வந்தாள், அவளுக்கும் வயதாகிவிட்டது. அந்த மனிதர் என்ன பேசினார் என்று மலாயில் கேட்டாள். சொன்னேன். நின்றுவிட்டாள். "போஹோங்," என்றாள். பொய். குடையை மடக்கி வேலியில் மாட்டினாள். செருப்பைக் கழற்றினாள். "மாரி, ராஜம்."

நான் போனேன். பாடைக்கு முன்னால், அந்த இளைஞர்கள் விலகிய இடத்தில், பிபிக் முன்னால் வர நான் பின்னால் போனேன், நான் முன்னால் வர அவள் பின்னால் போனாள். பறையின் அடிக்கு ஜோகெட் பொருந்தவே இல்லை. என் கால் சரசக்காவின் கால் மாதிரியே தாளத்துக்குப் பின்னால் ஓடியது. பிறகு யாரோ என் பக்கத்தில் வந்து நின்று ஆடத் தொடங்கியது தெரிந்தது. பார்வதி. நரைத்த தலை, கைகள் இரண்டும் முன்னால் வெறுமையாக நீட்டியிருந்தன.

"அருள் வந்துடுச்சு! பிடிங்க, பிடிங்க!" என்று யாரோ கத்தினார்கள். நம் ஆட்களுக்கு வேறு என்ன தெரியும்? இரண்டு பெண்கள் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்கள். ஒருத்தி என் கொண்டையை அவிழ்க்கப் பார்த்தாள். காரியதரிசி திருநீற்றுத் தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் நெற்றிக்கு நேரே அவர் கை வந்தது. அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"என் மேல யாரும் வரலீங்க," என்றேன். "நான்தான் ஆடறேன்."

அவர் பார்வதி பக்கம் திரும்பினார். அன்றைக்கு மாடியில் தலையாட்டியவள் ஆயிற்றே என்று நினைத்திருக்கலாம். பார்வதி ஆட்டத்தை நிறுத்தவில்லை.

"நானுந்தாங்க," என்றாள். "அன்னிக்கும் நான்தான்."

தெரு முனைவரை ஆடினோம். அதற்கு மேல் அவர்கள் கொண்டுபோனார்கள்.

கருமாதி அறிவிப்பில் என்ன போடலாம் என்று சங்கத்திலிருந்து செல்வியைக் கேட்டார்களாம், அவள் என்னைக் கேட்டாள். நான் சொல்லி அனுப்பியதை அவர்கள் போடவில்லை, பழையதையே மறுபடி அச்சடித்தார்கள். நான் சொல்லி அனுப்பிய வரி என்னிடம் இருக்கிறது. அதை இங்கே போடுகிறேன், சரசக்காவைத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளுங்கள்: சரஸ்வதி மாணிக்கம் ஆடினாள். அவளேதான் ஆடினாள். ஏன் என்று கேட்டவர்களிடம், நல்லா இருந்துச்சு என்று சொன்னாள்.